மூக்கு காட்டாத இடம்

தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் டூவீலர் விடுகிற எல்லோருக்கும் அந்த வாசனை தெரியும். வரிசையாக நிற்கும் நூற்றுக்கணக்கான வண்டிகளில் ஏதோ ஒன்று பெட்ரோலை ஒழுகவிட்டுக்கொண்டிருக்கும். "உன்னுதா பாருப்பா, டேப்பை மூடினியா?" என்பார் டோக்கன் கொடுப்பவர். குனிந்து பார்த்தால் அவரவர் வண்டிக்குக் கீழே ஈரமே இருக்காது. நாலு வண்டி தள்ளி சிமெண்ட் தரையில் ஒரு கறுப்பு வட்டம் இருக்கும். தரை காட்டிக்கொடுத்துவிடும்.

படகுக்கு அப்படி ஒரு தரை கிடையாது. ஒழுகியதெல்லாம் படகுக்குள்ளேயே, அடிவயிற்றில் போய்த் தேங்கும். அந்தப் பள்ளத்துக்கு பில்ஜ் என்று பெயர். மழைத்தண்ணீர், கடல்தண்ணீர், எஞ்சின் ஆயில், டீசல், என்றைக்கோ தவறி விழுந்த ஸ்க்ரூ என எல்லாம் அங்கேதான் சேரும். ஒழுகிய இடம் ஒன்று, தேங்கிய இடம் ஒன்று, வாசனை வருகிற இடம் மூன்றாவது ஒன்று. சேலையூரிலிருந்து ஒரு மெக்கானிக்கல் மாணவன் ஞாயிற்றுக்கிழமைதோறும் முட்டுக்காட்டுக்குப் போய் இதைக் கற்றுக்கொண்டு வந்தான். அந்தக் கதைதான் இது.

படகு அவனுடையது அல்ல. அதே தெருவில் இருக்கும் ரிட்டயர்டு மெரைன் இன்ஜினியர் ஒருவருடையது. முப்பது வருஷத்துக்கு மேல் சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் எல்லோரும் மேடவாக்கத்தில் ஃப்ளாட் வாங்கினால் இவர் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினார். 24 அடி நீளம், ஃபைபர் உடம்பு, 1970களில் கட்டியது, இரண்டு மூன்று கை மாறி வந்தது. காற்று இல்லாத நேரத்துக்காகக் கேபின் படிக்கட்டுக்கு அடியில் ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்று ஒளிந்திருக்கும். கீலைத் தூக்கி இறக்கலாம் என்பதால் ஆழமில்லாத முட்டுக்காடு உப்பங்கழியிலேயே கட்டிப்போட முடிந்தது. கேம்ப் ரோடு, மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக ஈ.சி.ஆர். பிடித்தால் காலையில் ஒரு மணி நேரம். சாயங்காலம் திரும்புவது ஆண்டவன் சித்தம்.

பெரியவருக்கு ஒரு பிரச்சினை இருந்தது. 2021 கொரோனா இரண்டாம் அலையில் போன மோப்ப சக்தி திரும்பி வரவில்லை. காபி வெறும் சூடாகத்தான் தெரிகிறது என்பார். வீட்டில் கேஸ் கசிந்தால் ஆண்ட்டி இருக்கிறார். படகில் யார் இருக்கிறார்?

"எஞ்சின் ரூம்ல வாட்ச் ஏறினா நாலு விஷயம் தம்பி. கண்ணால பாக்கணும், காதால கேக்கணும், கையால தொட்டுப் பாக்கணும், மோந்து பாக்கணும். எனக்கு அதுல ஒண்ணு போச்சு" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவருடைய மகள் ரசிக்கவில்லை. பெங்களூரிலிருந்து ஒருமுறை வந்தபோது கேபினுக்குள் இறங்கிய வேகத்தில் மேலே ஏறிவிட்டாள். "அப்பா, உள்ள டீசல் நாத்தம் கொடலைப் பொரட்டுது. உங்களுக்குத் தெரியவே இல்லையா? இதுல தனியா வேற வர்றீங்க. வித்துடுங்க."

ஆயுத பூஜை விடுமுறைக்கு மறுபடி வருவேன், அதற்குள் வாசனை போகவில்லை என்றால் படகு போக வேண்டும். இதுதான் ஒப்பந்தம். கையில் ஏழு எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. பையன் பெரியவரின் மூக்காக வேலைக்குச் சேர்ந்தான்.

முதல் ஞாயிறு அவன் செய்ததைத்தான் அந்த வயசில் யாரும் செய்வார்கள். எஞ்சின் மூடியைக் கழற்றினான். ஃபில்டருக்குக் கீழே ஈரம் பளபளத்தது. ஸ்பேனரை எடுத்து எட்டின எல்லா நட்டையும் கால்திருகு கால்திருகாக இறுக்கினான். துடைத்துவிட்டுப் பெருமையாகப் பார்த்தான். வேலை முடிந்தது!

அடுத்த ஞாயிறு ஈரம் இரண்டு மடங்காக இருந்தது.

பெரியவர் திட்டவில்லை. ஸ்பேனரை மட்டும் வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். டீசல் குழாய்கள் ஃபில்டரோடும் பம்ப்போடும் சேருகிற இடத்தில் நடுவில் ஓட்டையுள்ள பேஞ்சோ போல்ட் இருக்கும். அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு செம்பு வாஷர். செம்பு மெத்தென்று நசுங்கி இடைவெளியை அடைப்பதால்தான் அங்கே கசிவதில்லை. ஒருமுறை நசுங்கிய செம்பு கெட்டிப்பட்டுவிடும். அதை மேலும் இறுக்கினால் அடைக்காது, மரை போகும், இல்லையென்றால் போல்ட் முறியும். "கசியற எடத்துல பலம் காட்டாத தம்பி. மொதல்ல எங்கேன்னு தெரியணும். நீ பாத்தது ஈரம். லீக்கை நீ இன்னும் பாக்கவே இல்ல."

ஈரம் வேறு, கசிவு வேறு. டீசலுக்கு ஒட்டிப் படர்கிற குணம் அதிகம். மேலே ஒரு மூட்டில் கசிவது குழாயின் அடிப்பக்கமாக ஒட்டிக்கொண்டே ஓடி, ஒரு வளைவில் சொட்டி, கீழே இருக்கும் அப்பாவி நட்டை நனைக்கும். அடி வாங்குவது அந்த நட்டு.

மூக்கும் இதில் பெரிய உதவி இல்லை. வாசனை கசிவு இருப்பதைச் சொல்லும், இடத்தைச் சொல்லாது. பத்து நிமிஷம் உள்ளே இருந்தால் மூக்கு பழகிப்போய் அதையும் சொல்லாது. பையன் வெளியே போய் காற்று வாங்கிவிட்டு மறுபடி இறங்கி முகர்ந்து பார்ப்பான். எங்கே முகர்ந்தாலும் டீசல். கேஸ் கசிவுக்குக் கத்துகிற அலாரம் ஒன்றை மாட்டலாமே என்று கேட்டான். அது பெட்ரோல் ஆவிக்கும் சமையல் கேஸுக்கும் சரி, சாதாரண வெயிலில் டீசல் அந்த அளவுக்கு ஆவியாகாது, அதனால் இதற்கு நம்ப முடியாது என்றார் பெரியவர்.

இங்கே கொஞ்சம் விஞ்ஞானம். எண்ணெயின் மேல் இருக்கும் ஆவி, ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளக்கூடிய மிகக்குறைந்த வெப்பநிலைக்கு ஃபிளாஷ் பாயிண்ட் என்று பெயர். பெட்ரோலுக்கு அது சுமாராக மைனஸ் 40 டிகிரி. சென்னையில் பெட்ரோல் எப்போதும் பற்றத் தயார்தான். அதன் ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் படகின் அடியில் போய்ப் படுத்திருக்கும். ஸ்டார்ட்டர் மோட்டாரின் ஒரு பொறி போதும். பெட்ரோல் எஞ்சின் படகுகள் வெடிப்பது இப்படித்தான். டீசல் அவ்வளவு முன்கோபி இல்லை. கடல் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான சோலாஸ், கப்பலில் எரிக்கும் எண்ணெயின் ஃபிளாஷ் பாயிண்ட் பொதுவாக 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையக்கூடாது என்கிறது. ஆனால் அதே டீசல் மெல்லிய சாரலாகச் சூடான சைலன்சர் குழாயில் பட்டால் கதை வேறு. பெரிய கப்பல்களில் இன்ஜெக்டருக்குப் போகும் உயர் அழுத்தக் குழாய்க்கு மேலே இன்னொரு உறைக்குழாய் போட்டிருப்பார்கள். உள்குழாய் கசிந்தால் எண்ணெய் வெளியே பீறிடாமல் உறைக்குள் ஓடும், மணி அடிக்கும். பெரியவர் எத்தனையோ இரவுகள் அந்த மணியை எதிர்பார்த்துக் காத்திருந்தவர். இந்தச் சின்னப் படகில் உறையும் இல்லை, மணியும் இல்லை.

இரண்டாவது ஞாயிறு முழுக்கக் கழுவல்தான். டர்க்கி டவல், பழைய லுங்கி, தாம்பரம் ஒர்க்‌ஷாப்பில் கிலோ கணக்கில் வாங்கின பனியன் வேஸ்ட். பில்ஜில் இருந்ததையெல்லாம் ஒற்றி எடுத்துக் கேனில் பிழிந்தார்கள். பாத்திரம் தேய்க்கிற சோப்பும் தண்ணீரும் போட்டுத் தேய்த்து, அந்தத் தண்ணீரையும் கேனிலேயே பிடித்தார்கள்.

"அப்படியே வெளிய ஊத்திடலாமே அங்கிள், சோப்பு போட்டாச்சே?" என்று கேட்டான் பையன். பெரியவர் கரையைக் காட்டினார். இடுப்பளவு தண்ணீரில் இரண்டு பெண்கள் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சோப்பு எண்ணெயை அழிப்பதில்லை, பொடிப்பொடியாக உடைத்துத் தண்ணீருக்குள் இறக்கிவிடுகிறது. மேலே வானவில் மறையும், கீழே இருக்கும் இறாலுக்கும் நண்டுக்கும் நேராகப் போகும். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதும், அதைக் கரையில் ஆட்கள் வாளி வாளியாக அள்ளியதும் பலருக்கு ஞாபகம் இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து, கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் மீனவர்களின் வலையும் படகும் கறுத்துப் போயின. அவை டன் கணக்கு. இது அரை லிட்டர். ஆனால் இறால் துழாவுகிற கைக்கு அரை லிட்டரே அதிகம். கேன் திரும்ப தாம்பரம் ஒர்க்‌ஷாப்புக்கே, கழிவு ஆயில் பீப்பாய்க்குப் போனது.

கழுவிக் காயவிட்ட பிறகுதான் துப்பறியும் வேலை. பெரியவர் பையிலிருந்து எடுத்தவை மூன்று: ஒரு டிஷ்யூ ரோல், பேரன் மிச்சம் வைத்த சாக்பீஸ், வெள்ளைத்தாள் ஒரு கட்டு. ஒவ்வொரு மூட்டிலும் டிஷ்யூவைச் சுற்றி நூலால் கட்டினார்கள். சுற்ற முடியாத இடத்தில் சாக்பீஸ் பொடியைத் தூவினார்கள். எஞ்சினுக்கு அடியில் வெள்ளைத்தாளை விரித்து, மேலே இருக்கும் பாகங்களின் நிழலைப் பென்சிலால் வரைந்து தேதி போட்டார்கள். டேங்க்குக்குள் ஒரு மரக்குச்சியை விட்டு ஈரம் எதுவரை என்று கோடு கிழித்தார்கள். பிறகு எஞ்சினைத் தொடவே இல்லை. தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மறுவாரம் எல்லாத் தாளும் உலர்ந்திருந்தது. டேங்க் கோடும் இறங்கவில்லை. பையனுக்கு ஏமாற்றம். பெரியவருக்கோ பாதி வேலை முடிந்த திருப்தி. டேங்க்கின் அடியில் ஓட்டை இல்லை என்று தெரிந்துவிட்டதே! பழைய படகுகளில் டேங்க்கின் அடியில் தண்ணீர் தங்கி உள்ளிருந்தே துரு அரித்து ஊசித்துளை விழும். அப்படியென்றால் டேங்க்கையே வெளியே எடுக்க வேண்டும், சில படகுகளில் அதற்காகத் தளத்தையே அறுக்க வேண்டும். அந்தச் செலவு இல்லை.

இப்போது எஞ்சினை ஓட்டினார்கள். ஐந்து நிமிஷத்தில் ஃபில்டர் தலையில் கட்டிய டிஷ்யூ மெல்ல நிறம் மாறியது. மற்றவை வெள்ளை. முதல் ஞாயிறு அவன் வெறியோடு இறுக்கின அதே பேஞ்சோ மூட்டு.

புது வாஷர் போடுவதே சரி. ஆனால் பையன் கற்றுக்கொள்ளட்டும் என்று பெரியவர் பழைய வாஷரைக் கரையில் வைத்து டார்ச்சால் செக்கச்சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டார். இரும்பை இப்படிச் செய்தால் கெட்டியாகும். செம்பு அதற்கு நேர்மாறு, சூட்டிலேயே இளகி மெத்தென்று ஆகிவிடும், தண்ணீர் வெறுமனே ஆறவைக்கத்தான். புத்தகத்தில் அன்னீலிங் என்று படித்துப் பரீட்சை எழுதியவன் அன்றைக்குத்தான் அதை விரலால் அழுத்திப் பார்த்தான்.

ஒரு எச்சரிக்கையும் அன்று கிடைத்தது. ஓடுகிற எஞ்சினில் இன்ஜெக்டர் குழாய் கசிகிறதா என்று பார்க்க அவன் விரலை நீட்டினான். பெரியவர் கையைத் தட்டிவிட்டார். அந்த அழுத்தத்தில் ஊசித்துளையிலிருந்து வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டிய காயம் அது. அட்டையை நீட்டித்தான் பார்க்க வேண்டும், கையை ஒருபோதும் அல்ல.

ஒன்று முடிந்தது. ஆனால் எஞ்சின் பத்து நிமிஷம் ஓடிவிட்டு இருமி நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஓடும், நிற்கும். "ஏர் புடிக்குது" என்றார் பெரியவர். எந்தத் தாளும் நனையவில்லையே என்றான் பையன்.

"நனையாது. இந்த லீக் உள்பக்கமா லீக் ஆகுது."

டேங்க்கிலிருந்து பம்ப் வரைக்கும் டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. அந்தப் பகுதியில் விரிசல் விட்டால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஸ்ட்ரா கிழிந்தால் இளநீர் சட்டையில் கொட்டுவதில்லை, வாயில் காற்றுதான் வரும், அந்த மாதிரி. பம்ப்புக்கு முன்னால் தற்காலிகமாக ஒரு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ட்யூபைச் செருகி ஓட்டினார்கள். கோலி சோடா மாதிரி குமிழ்கள் ஓடின. டேங்க் முனையில் கிளிப் போட்ட இடத்தில் பழைய ரப்பர் ஹோஸ் சுக்காகக் காய்ந்து வெடித்திருந்தது.

ஹோஸ் வாங்கப் பாரிமுனைப் பக்கம் போனான். கடைக்காரர் முதலில் தந்தது சாதாரண ரப்பர். பெரியவர் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்: ஐ.எஸ்.ஓ. 7840. படகு எரிபொருளுக்கென்று, தீயைச் சிறிது நேரம் தாங்கும்படி செய்யப்பட்ட ஹோஸில் அந்த எண் அச்சாகியிருக்கும். தேடி அலைந்து வாங்கிய அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மின்சார ரயிலில் திரும்பும்போதுதான் அவனுக்குத் தன் அப்பாவின் பழைய ஸ்கூட்டர் ஞாபகம் வந்தது. 2025இல் நாட்டின் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தைத் தொட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அதற்கென்று செய்யாத பழைய ரப்பரை உப்பவோ வெடிக்கவோ வைக்கும். டீசல் ஹோஸுக்கு ஊரெல்லாம் அலைந்தவன் வீட்டு வாசலில் நின்ற வண்டியின் ட்யூபை அன்று ராத்திரிதான் முதல்முறை தொட்டுப் பார்த்தான். விறைப்பாக இருந்தது. மறுநாளே மாற்றிவிட்டான்.

மூன்றாவது கசிவை யாரும் தேடவில்லை, தானாக மாட்டியது. எஞ்சின் ஆயில் அளவு பார்க்க டிப் ஸ்டிக்கை உருவியபோது போன வாரக் கோட்டைவிட ஆயில் மேலே இருந்தது. ஆயில் குறையலாம், ஏற எப்படி முடியும்? டீசல் பம்ப்புக்குள் இருக்கும் டயாபிரம் என்கிற ரப்பர் சவ்வு கிழிந்திருந்தது. டீசல் வெளியே ஒழுகாமல் நேராக எஞ்சினின் ஆயிலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நீர்த்த ஆயிலில் பேரிங் தேய்ந்து போகும். ரொம்பவும் ஏறினால் எஞ்சின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு நிறுத்த முடியாமல் ஓடும் அபாயமும் உண்டு. பெரியவர் ஒரு சொட்டை வெள்ளைத்தாளில் வைத்தார். நடுவில் கருப்பு, சுற்றி வெளிறிய ஈரவளையம் அகலமாகப் பரவியது. "முன்னெல்லாம் மோந்து பாத்தே சொல்லிருப்பேன்" என்று அந்த வளையத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பரவால்ல, தாள் சொல்லுது" என்றார்.

புது சவ்வு, புது ஆயில். கேபினில் வாசனை இல்லை. பையன் மூன்று தடவை வெளியே போய் வந்து முகர்ந்தான். இல்லவே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் கடல்காற்று எழுந்த மத்தியானம் பாயை ஏற்றினார்கள். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து உப்பங்கழியில் சீறிக்கொண்டு போனது. பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திப் பார்த்தவர்கள் கையசைத்தார்கள். அரை மணி நேரம். கீழே தண்ணீர் பாட்டில் எடுக்க இறங்கிய பையன் அப்படியே நின்றான்.

டீசல் வாசனை.

கட்டிப்போட்டதும் பார்த்தால் எல்லாத் தாளும் வெள்ளை. எஞ்சின் ஓடவே இல்லை. ஆனால் வாசனை இருந்தது.

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த கோவளத்து மீனவர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். அவர் தலைமுறைக்குப் படகின் சங்கதி தெரியும். அவருடைய அப்பா பாய் கட்டிய கட்டுமரத்தில் போனவர். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்க ஃபைபர் போட்டுகள் வந்து குவிந்தபோது இவர் எஞ்சினுக்கு மாறியவர். "எங்க எஞ்சினு வெயில்ல தெறந்து கெடக்குது தம்பி. ஒழுவுனா கண்ணுக்குத் தெரியும். உங்குளுது பெட்டிக்குள்ள குந்திகினு கீது" என்றார். பிறகு போகிற போக்கில் ஒன்று கேட்டார். "நிக்கிறப்போ ஒழுவல, சாஞ்சா ஒழுவுதா? அப்போ மேல பாருபா. கீழ ஏன் பாக்குறே?"

பெரியவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். கப்பலில் முப்பது வருஷம் இருந்தவர்தான். ஆனால் சரக்குக் கப்பல் இப்படி மணிக்கணக்கில் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஓடுவதில்லை. பாய்மரப் படகு ஓடுவதே சாய்ந்துதான். கட்டிப்போட்ட படகில் டேங்க்கின் மேல்தட்டுக்கு டீசல் எட்டவே எட்டாது. சாய்ந்தால் டீசல் ஒரு பக்கமாக ஏறி மேல்தட்டின் ஓரம் வரை நனைக்கும். அங்கேதான் டீசல் அளவு காட்டும் மிதவையின் கேஸ்கட், டீசல் ஊற்றும் வாயின் ஹோஸ், காற்றுக்குழாய் எல்லாம் இருக்கின்றன. கரையில் நூறு நாள் தாள் விரித்தாலும் அவை நனையாது.

மறுபடி சாய்த்துப் பார்க்கத் தேவையில்லை. டேங்க்கைக் கழுத்துவரை நிரப்பினால் போதும், மேல்தட்டுக்கு அதே கதிதான். இத்தனை வருஷத்தில் பெரியவர் ஒருமுறைகூட ஃபுல் டேங்க் அடித்ததில்லை. இரண்டு கேன் டீசலை மெதுவாக ஊற்றினார்கள். மிதவைத் தட்டின் ஓரத்தில் தூவிய சாக்பீஸ் பொடி ஒரு விரல் அகலத்துக்குக் கறுத்தது.

கேஸ்கட் பழைய கார்க், பிஸ்கட் மாதிரி உடைந்து வந்தது. டீசலைக் கொஞ்சம் வெளியே எடுத்துவிட்டு, பையன் அவசரத்துக்கு சைக்கிள் ட்யூபில் அழகாக வட்டம் வெட்டிப் போட்டான். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் திறந்தால் அது உப்பி, நெளிந்து, ஓட்டைக்கு வெளியே பிதுங்கியிருந்தது. சைக்கிள் ட்யூப் ரப்பருக்கு டீசல் ஆகாது. நைட்ரைல் ரப்பர்தான் தாங்கும். பெட்ரோல் டேங்க் ஒழுகினால் சோப்பைத் தேய்த்து ஊர் வந்து சேர்வது, எம்-சீல் அப்புவது எல்லாம் நம் ஊர் வித்தைகள். பெட்ரோலில் சோப்பு கரையாது என்பதால் அது வேலையும் செய்கிறது. ஆனால் அதெல்லாம் வீட்டுக்கு வந்து சேரத்தான். நைட்ரைல் ஷீட் வாங்கி வெட்டி, ஸ்க்ரூக்களை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினான். இந்த முறை ஸ்பேனரை அவன் கையிலேயே கொடுத்துவிட்டுப் பெரியவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆயுத பூஜை வந்தது. எஞ்சினுக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. ஆண்ட்டி சாம்பிராணித் தூபக்காலோடு படகை நோக்கி வந்தபோது பெரியவர் பதறிப்போய்த் தடுத்தார். "இன்னைக்கு சாம்பிராணி வேண்டாம். கரையிலயே காமிச்சுடு. உள்ள இவ மூக்குக்கு வேலை இருக்கு."

மகள் கேபினுக்குள் இறங்கினாள். இரண்டு நிமிஷம் நின்றாள். மேலே வந்து காற்று வாங்கினாள், மறுபடி இறங்கினாள். பையன் சொல்லிக்கொடுத்திருந்தான். கரையில் யாரும் பேசவில்லை.

"வார்னிஷ் வாசனை. மல்லிப்பூ. வேற ஒண்ணும் இல்ல."

பையன் மூச்சு விட்டான். அவள் விடவில்லை, குனிந்து எஞ்சினுக்கு அடியில் இருந்த வெள்ளைத்தாளை உருவினாள். தேதி போட்ட தாள். ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒரு பழுப்புப் புள்ளி.

"இது என்ன?"

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சுற்றி வளையம் இல்லை, பரவவில்லை. "டீசல் இல்ல. ஆயில். பின்னாடி சீல்ல ஆரம்பிக்குது போல. அடுத்த ஞாயித்துக்கிழமை பாக்கணும்."

அவள் தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். விற்பதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "தனியா மட்டும் வராதீங்கப்பா" என்றாள்.

பையன் அந்தத் தாளை மடித்துப் பழைய தாள்களோடு வைத்தான். புதுத் தாளில் தேதி எழுதி எஞ்சினுக்கு அடியில் விரித்தான்.